அப்பா படிப்பித்த இரண்டு ஜனாதிபதிகள்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அப்பா எங்களை விட்டுப் போய் முப்பத்தொரு நாள் ஆகியிருக்கும். முன்பக்கத்தில் அண்ணா எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்பா நேர்மையானவர், கோபம் குறைந்தவர், கேட்டு வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதவர். ஆனால் அதை வாசித்து முடித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. ஏன் என்பதைத்தான் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் அம்மா. படிக்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் அது என்னோடு நிற்கட்டும்.

அப்பா வடமராட்சியில் ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர். திரும்பி வந்து ஊர்க் கல்லூரியில் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு உலக வரலாறு படிப்பித்தார். பிரான்சியப் புரட்சியும் படிப்பித்தார், ரஷ்யப் புரட்சியும் படிப்பித்தார். ஆனால் அவருடைய உயிர்ப் பாடம் ஒன்றுதான். அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்து, வங்கிகள் பூட்டி, வேலை போன மனிதர் ஒரு துண்டுப் பாணுக்கு வரிசையில் நின்ற பெருமந்தக் காலம். அந்தப் பாடம் வந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் யன்னலடிக்கு வந்துவிடுவார்கள் என்று அவரிடம் படித்தவர்கள் இப்போதும் சொல்வார்கள்.

அந்தக் காலத்துக்கு இரண்டு ஜனாதிபதிகள். அவர்களுடைய பெயர்கள் எங்கள் வீட்டில் புழங்கியதேயில்லை. அப்பா ஒருவரை முந்தினவர் என்பார், மற்றவரைப் பிந்தினவர் என்பார். நான் சின்ன வயதில் அவர்களை அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு உரிமையோடு அவர்களைப் பற்றிக் கதைப்பார்கள்.

முந்தினவர் கெட்டிக்காரர். பொறியியலாளர். ஒரு பெரும் போரின்போது பசித்த வேறு நாடுகளுக்கெல்லாம் உணவு அனுப்பிப் பேரெடுத்தவர். ஆனால் சொந்த நாடு பசித்தபோது, எல்லாம் மெல்ல மெல்லச் சரிவரும் என்று இருந்துவிட்டார். வீடிழந்த சனங்கள் தகரத்தாலும் மட்டையாலும் குடிசை போட்டு அந்தக் குடிசைகளுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். பழைய போர்வீரர்கள் தங்களுக்கு வரவேண்டிய உதவியைக் கேட்டுத் தலைநகரில் வந்து தங்கியபோது, படையைக் கொண்டு துரத்தினார்கள். பிந்தினவர் நோயினால் நடக்கமுடியாமல் போனவர். அவர் வந்து வானொலியில் பக்கத்து வீட்டு மனிதரைப்போலக் கதைத்தார். வேலையற்றவர்களைக் கூப்பிட்டு வீதி போடவும் பாலம் கட்டவும் மரம் நடவும் விட்டார். அப்பா இதைச் சொல்லும்போது மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, குரலைத் தணித்து, அந்த வானொலிப் பேச்சைத் தமிழில் தானே பேசிக் காட்டுவாராம். அது பாடப்புத்தகத்தில் இல்லாத பேச்சு. முழுக்க அப்பாவின் கற்பனை.

ஊரில் போர் நடந்து, அரசு பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அண்ணா சுற்றுவார், அப்பா காதை வைத்துக் கேட்பார். சேதி ஒவ்வொரு நாளும் மோசமாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய், முந்தினவர் போனால் பிந்தினவர் வருவார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். பொய் சொல்லவில்லை. அவர் அதை மெய்யாகவே நம்பினார். எங்களைப் பிடித்து நிறுத்தியதும் அந்த நம்பிக்கைதான். இதையும் நான் எழுதியாக வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் சிட்னிக்கு வந்தது என்னுடைய ஸ்பொன்சரில். வென்ட்வேர்த்வில்லில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. வந்த முதல் வருடம் அப்பா சும்மா இருந்து அம்மாவின் உயிரை வாங்கினார். சமைக்கிற நேரத்தில் குசினிக்குள் வந்து நின்று ஐரோப்பிய அரசியலைக் கதைத்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள். பிறகு ஒரு நண்பர் அவரைத் தமிழ் வானொலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிறு காலையில் இருபது நிமிடம். முந்தினவரும் பிந்தினவரும் சிட்னித் தமிழருக்கு அறிமுகமானார்கள். கடைத்தெருவில் ஆட்கள் அப்பாவை மறித்து, அடுத்த கிழமை என்ன ஐயா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் அவருடைய நடையே வேறு.

வானொலி முடிந்த கையோடு வில்லாவுட்டுக்குப் போவார். அகதி அந்தஸ்துக் கேட்டு வந்து அங்கே தடுப்பு முகாமில் இருந்த எங்கள் ஆட்களைப் பார்க்க ஒரு சிறு கூட்டம் கிழமைக்குக் கிழமை போகும், அதில் அப்பாவும் ஒருவர். அம்மா முட்டைமாவும் வடையும் கட்டிக் கொடுப்பா. உள்ளே இருந்தவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். எங்களை எப்போது விடுவார்கள்? அப்பா வழக்கறிஞரும் இல்லை, அதிகாரியும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பாடம்தான். அதைச் சொன்னார்.

அங்கே ஒருவர் இருந்தார். வன்னியிலிருந்து படகில் வந்தவர், வீடு கட்டும் மேசன். நாற்பது வயதிருக்கும். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை, எங்கள் வீட்டில் அவர் மேசன் தம்பி. அப்பாவின் கதைகளை அவர்தான் ஆகக் கூடுதலாகக் கேட்டவர். அவருடைய தாயார் ஊரில் பாயில் விழுந்துவிட்டார் என்றும் மகனைக் கேட்டபடி இருக்கிறார் என்றும் ஒருநாள் தொலைபேசி வந்தது. தானாக விரும்பித் திரும்பிப் போகிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் அவரை அனுப்பிவிடுவார்கள். போனால் விமானநிலையத்தில் என்ன நடக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு அவர் அப்பாவிடம், "ஐயா, கையெழுத்து வைக்கட்டோ?" என்று கேட்டார்.

அப்போது இங்கே தேர்தல் வர இருந்தது. அப்பா அவருடைய கையைப் பிடித்து, "ரெண்டு மாதம் பொறும் தம்பி. பிந்தினவர் வருவார். அம்மாவை நீர் இஞ்சை கூப்பிட்டே பாக்கலாம்" என்றார்.

அவர் கையெழுத்து வைக்கவில்லை. தேர்தல் நடந்தது, ஆட்சியும் மாறியது. அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். சில கிழமைகளில் தாயார் இறந்துபோனார். எரியூட்டியதைக் கைத்தொலைபேசியில் பார்த்தாராம். அடுத்த ஞாயிறு அப்பா போனபோது மேசன் தம்பி சந்திப்பு அறைக்கு வர மறுத்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் வாசலில் அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டு, கதிரையில் இருந்து நேரம் முடியுமட்டும் பார்த்துவிட்டு வருவார். ஐயாவின் பேச்சைக் கேட்டுத்தான் தாயின் முகத்தைப் பாராமல் விட்டேன் என்று அவர் சொல்வதாக மற்றவர்கள் வந்து அப்பாவிடம் சொன்னார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். எங்கள் சனம் அப்படியானதை மட்டும் பிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கும்.

அதன் பிறகுதான் அப்பா பரமட்டா நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். தான் முப்பது வருடம் படிப்பித்த பாடத்தை முதல் தடவையாகப் பாடப்புத்தகத்துக்கு வெளியே வாசித்தார். அகராதியோடு இருந்து மாதக்கணக்கில் வாசித்தார். ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்காமல், அன்றைக்கு வாசித்ததைச் சொல்லத் தொடங்கினார்.

அந்த மந்தக் காலத்தில் அங்கே வேலை இல்லாமல் போனபோது, மெக்சிக்கோ வழி வந்த சனங்களை ரயிலேற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். விரும்பித்தான் போகிறார்கள் என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். அது முந்தினவரின் காலத்தில் நடந்தது. ஆட்சி மாறிய பிறகும் உடனே நின்றுவிடவில்லை. அது மட்டுமில்லை. வானொலியில் அவ்வளவு அன்பாகக் கதைத்த அதே பிந்தினவர், பிறகு போர் வந்தபோது, யப்பான் வழிச் சனங்களைக் குஞ்சு குருமானோடு முள்வேலி முகாமில் அடைக்கக் கையெழுத்து வைத்தவர். அப்பா இதை எங்களுக்குச் சொல்லிவிட்டு, "முள்வேலிக்குள்ளை இருக்கிற மனுசனுக்கு, முள்வேலி போட்ட ஆளைப் பற்றியெல்லோ நான் நல்ல கதை சொல்லியிருக்கிறன்" என்றார்.

அந்தக் கிழமை வானொலியில் அந்த மிச்சப் பாதியைச் சொன்னார். பிந்தினவர் செய்த நல்லதையும் அவர் மறுக்கவில்லை. பசித்தவனுக்கு வேலை கொடுத்ததும் உண்மை, முகாம் போட்டதும் உண்மை, நான் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டேன் என்று சொன்னார். தன்னிடம் படித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஏன் ஐயா மனத்தைக் கெடுக்கிறீர்கள் என்று இரண்டு மூன்று பேர் தொலைபேசி எடுத்தார்கள். அதோடு நிகழ்ச்சியை அவராகவே நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு அடக்கமுடியாத கோபம். நாடு கவிழ்ந்ததற்கு நீங்கள் என்ன அமெரிக்க ஜனாதிபதியோ, பொறுப்பெடுத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று அவரைப் பேசினா.

சில வருடம் கழித்து மேசன் தம்பியைத் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். அவர் மெல்பேர்ணுக்குப் போய்ச் சேர்ந்து ஓடு பதிக்கும் வேலை செய்தார். அண்ணாவும் அங்கேதான், ரோவில்லில் இருக்கிறார். அப்பா நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி அண்ணாவிடம் கொடுத்தனுப்பினார். அண்ணா வேலை நடந்த இடத்துக்கே போய்க் கொடுத்தார். மேசன் தம்பி கையைத் துடைத்துவிட்டு வாங்கி, பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தாராம். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம், அண்ணா தொலைபேசி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பேரப்பிள்ளைகளைக் கேட்பதற்கு முதல் அப்பா கேட்பது, "அந்தத் தம்பி ஏதும் சொன்னவரோ?"

எனக்கு அந்த மனிதரில் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஒரு நல்ல மனிதர் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்கு இவ்வளவு தண்டனையா என்று நான் பலரிடம் கதைத்திருக்கிறேன். இதை வாசிக்கும் சிலருக்கும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் அப்பாவின் சிறுநீரகம் கைவிட்டது. கடைசிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய கைத்தொலைபேசியை நான் வைத்திருந்தேன். நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவள். நோயாளி களைத்திருந்தால் ஆட்களைக் கதைக்க விடக்கூடாது என்பது என் கையோடு ஊறிப்போனது. பத்தாவது நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. நான் அறைக்கு வெளியே வந்து எடுத்தேன். மெல்பேர்ணிலிருந்து மேசன் தம்பி. யாரென்று சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஐயாவோடு ஒருக்கால் கதைக்கலாமோ என்று அவர் பணிவாகத்தான் கேட்டார். இவ்வளவு வருடம் இல்லாத கதை இப்போது என்ன, கடைசி நேரத்தில் அந்த மனிதரை நோகடிக்கவோ என்றுதான் எனக்குப் பட்டது.

"அப்பா நித்திரை. நாளைக்கு எடுங்கோ" என்றேன்.

அப்பா நித்திரை இல்லை. கண்ணை விழித்து யன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் திரும்பி உள்ளே போனதும், யார் எடுத்தது என்று கேட்டார். என்னுடைய வேலையிடத்திலிருந்து என்றேன். தலையை ஆட்டினார். மறுநாள் காலை அம்மா வந்து சேர்வதற்கு முதல் அவருடைய உயிர் பிரிந்தது.

மேசன் தம்பி காலை விமானத்தில் சவச்சடங்குக்கு வந்திருந்தார். எல்லோரும் பூப்போட்டு முடிந்த பிறகு வந்து, அப்பாவின் காலடியில் நெடுநேரம் நின்றார். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் என்னிடம் வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அப்போது அவர் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு, அவர் சொன்னபடியே இங்கே போடுகிறேன்.

"அக்கா, ஐயா சொல்லித்தான் நான் நிண்டனான் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். அது பொய். கையெழுத்து வைக்கிறேல்லை எண்டு நான் முதலே முடிவெடுத்திட்டன். திரும்பிப் போனால் பிடிப்பாங்கள் எண்ட பயம். பயத்திலைதான் அம்மாவைப் பாக்கப் போகேல்லை எண்டு என்னாலை சொல்லேலாமல் போச்சு. அதுதான் ஐயான்ர தலையிலை போட்டிட்டன். அவர் கடிதமும் எழுதினாப் பிறகு எனக்கு அவரின்ரை முகத்திலை முழிக்க வெக்கம். ஐயா ஆஸ்பத்திரியிலை எண்டு கேள்விப்பட்டு, அதைச் சொல்லத்தான் அண்டைக்கு எடுத்தனான்."

பிறகு நானும் உள்ளதைச் சொன்னேன். அப்பா விழித்திருந்ததையும், யார் என்று கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அப்ப ஐயா தெரியாமலே போயிட்டார்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் அந்த வெயிலுக்குள் நின்று அழுதோம். உறவினர்கள் அதை அப்பாவுக்கான அழுகை என்று நினைத்து வந்து தேற்றினார்கள்.

மலர் அடிப்பது பற்றிக் கதைத்தபோது இதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அண்ணா மறுத்தார். நாலு சனத்தின் கைக்குப் போகும் புத்தகத்தில் அப்பாவின் பிழையையும் எங்கள் பிழையையும் போட்டு அவரைச் சிறுமைப்படுத்தலாமா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அம்மாதான் மூலையில் இருந்து சொன்னா. "நல்ல பக்கத்தை மட்டும் சொல்லப்போய்த்தான் உந்த மனுசன் ஆறு வருசம் வெந்தது. அவருக்கும் நீங்கள் அதையே செய்யாதேங்கோ. முழுக்க எழுது." அதோடு அண்ணா சம்மதித்தார். எழுத்துப்பிழை பார்த்துத் தந்தவரும் அவர்தான்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்ட தாதிமாருக்கும் எங்கள் நன்றி. செய்தி கேட்டதும் ஓடிவந்த அயலவர்கள், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் சமைத்துக் கொண்டுவந்த அன்ரிமார், கிரியைகளைச் செய்துதந்த ஐயர், வானொலி நண்பர்கள், வில்லாவுட்டுக்கு அப்பாவைக் காரில் ஏற்றி இறக்கியவர்கள், ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசி எடுத்து அழுத அப்பாவின் மாணவர்கள், உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். யாரையாவது குறிப்பிடத் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மலரின் முதற் பிரதியை இறந்தவரின் படத்துக்கு முன்னால் வைத்து, பிறகு அதை எடுத்து உரத்து வாசிப்பது எங்கள் வழக்கம். குடும்பத்தில் மூத்த ஒருவர் வாசிப்பார். அண்ணாவின் பக்கத்தை அண்ணா வாசிப்பார். இந்தப் பக்கங்களை வாசிக்க வரமுடியுமா என்று மேசன் தம்பியைக் கேட்டேன். தனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும், பரவாயில்லையோ என்று கேட்டார். எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருந்து கேட்போம் என்றேன். வாறன் என்றார்.

அப்பா, இப்போது இதை உங்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். அன்றைக்குத் தொலைபேசி எடுத்தவரும் அவர்தான். என்னுடைய வேலையிடத்திலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை.

மகள்